பிள்ளை யாரிடமாவது பேசட்டும்!

"என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'ங்கறான்க்கா. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி மாசமாகுது!"

வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் இந்தப் புலம்பல்தான். பால் வாங்கப் போனாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, காதில் விழுவது இதுதான். பெண் குழந்தை என்றால் புலம்பல் சற்று மாறும். "கதவைச் சாத்திக்கிட்டா, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் தொறக்கறா" என்பார்கள். வேறு வித்தியாசம் கிடையாது.

நேற்று வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூலில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரை ஒப்பித்த குழந்தைதான். பதிமூன்று, பதினாலு வயது வந்ததும் வாய்க்குப் பூட்டு! நம் பேச்சு கசக்கிறது. சிநேகிதர்கள் பேச்சு இனிக்கிறது. பெற்ற வயிறு எரியாதா? எரியத்தான் செய்கிறது.

நான் வாலாஜாபாத்துக்கு மருமகளாக வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. ஒரு பெண், ஒரு பிள்ளை. இரண்டு பேரும் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். நான் டாக்டரும் இல்லை, மனோதத்துவ நிபுணரும் இல்லை. மளிகைக் கடைக்காரர் மனைவி. இரண்டை வளர்த்ததிலும், தெருவில் நாலு பிள்ளைகளைப் பார்த்ததிலும், கிடைத்ததைப் படித்ததிலும் என் மனதில் நின்ற ஒரு விஷயத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். பருவ வயதுப் பிள்ளைக்கு அம்மா, அப்பா தவிர மனம்விட்டுப் பேச இன்னொரு பெரியவர் வேண்டும். அப்படி ஒருவரை அமைத்துக் கொடுப்பதும் தாயின் வேலைகளில் ஒன்று.

அந்த வயதில் என்னதான் நடக்கிறது?

பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்கிறார்கள். மீசை அரும்புவதும், பெண் பெரியவளாவதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மூளைக்குள் நடக்கும் மாற்றம் தெரிவதில்லை. கோபம், ஆசை, பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதி இந்த வயதில் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. 'கொஞ்சம் பொறு, யோசி' என்று கடிவாளம் போடுகிற முன்பக்க மூளையோ இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறதாம். குதிரை ஓட ஆரம்பித்துவிட்டது, கடிவாளம் இன்னும் தயாராகவில்லை! பொசுக்கென்று கோபம் வருவதற்கும், அடுத்த நிமிஷமே கண் கலங்குவதற்கும் காரணம் இதுதான். திமிர் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

தூக்கமும் அப்படியே. தூக்கம் வரவழைக்கும் சுரப்பு இந்த வயதில் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கிறது. அதனால் பத்து மணிக்குப் படுத்தாலும் சட்டென்று கண் அசராது. காலையில் எழுப்பினால் எரிந்து விழுவார்கள். பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் டாக்டர்கள். கையில் செல்போனும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாதிச் சண்டை தூக்கம் போதாததால் வருவது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும், அப்பா போன் உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் என்று வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பெற்றவர்களிடமிருந்து சற்றே விலகி, 'நான் யார்?' என்று தேடுகிற வயது அது. அந்த விலகல் இயற்கை. ஆனால் விலகுகிற பிள்ளை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பக்கத்தில் நல்ல பெரியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் போய் நிற்கும். இல்லாவிட்டால் தன்னைப் போலவே ஒன்றும் தெரியாத இன்னொரு பிள்ளையிடமோ, செல்போனிடமோ போகும்.

ஆயா இருந்த வீடு

நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் மாமியார், மாமியாரின் அம்மா, கொழுந்தனார், கல்யாணமாகாத நாத்தனார் என்று ஒன்பது பேர். அம்மா அடித்தால் ஆயா மடி. அப்பா திட்டினால் சித்தப்பா சைக்கிள். பிள்ளை ஒருவரிடம் சொல்லாததை இன்னொருவரிடம் சொல்லிவிடும். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இன்று கவுன்சலிங் என்கிறோம்.

இப்போது ஊரே மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்தது. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் கம்பெனி. பின்னாலேயே வரிசையாக எத்தனையோ தொழிற்சாலைகள். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் எங்கள் ஊர் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, கடன் அடைகிறது. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து போர்ஷன் பிடித்து இருப்பவர்களைப் பாருங்கள். ஆயாவும் அத்தையும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். பிள்ளை ஸ்கூல் விட்டு வரும்போது அவர் தூங்குவார், அல்லது கிளம்பிக்கொண்டிருப்பார். அம்மாவும் வேலைக்குப் போகிறாள் என்றால், வீட்டில் பிள்ளைக்குத் துணை டி.வி.யும் செல்போனும்தான்.

அத்தையிடம் சொன்ன ரகசியம்

என் பெண் பத்தாம் வகுப்பு படித்தபோது தினமும் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய் வருவாள். திடீரென்று நாலைந்து நாட்களாக முகம் சரியில்லை. வயிற்று வலி, தலைவலி என்று லீவு போட்டாள். "என்ன கண்ணு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே என் பெண்ணுக்கு அத்தை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் தலைவாரிப் பின்னல் போட்டுக்கொள்வாள். அந்த வாரமும் போனாள். சாயந்திரம் நாத்தனார் தனியாக வந்தார். உட்காரக்கூட இல்லை.

"உன் பொண்ணு ஒரு விஷயம் சொல்லியிருக்கா. 'அம்மாகிட்ட நீயே சொல்லு அத்தை'ன்னு ஒத்துக்கிட்டா. ஆனா மொதல்ல நீ ஒரு வார்த்தை குடு. ஸ்கூலை நிறுத்தமாட்டேன்னு சொல்லு. அப்புறம் சொல்றேன்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. "நிறுத்தமாட்டேன்க்கா, சொல்லுங்க" என்றேன்.

சாயந்திர பஸ்ஸில் முப்பது வயசு ஆள் ஒருவன் தினமும் பக்கத்தில் வந்து நிற்கிறானாம். இறங்கினால் பின்னாலேயே தெருமுனை வரை வருகிறானாம். குழந்தை நடுங்கிப் போயிருக்கிறாள். அவனைவிட அவளுக்குப் பெரிய பயம் எது தெரியுமா? வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான்! கூடப் படித்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்ததாம்.

அன்று ராத்திரி என் மனதில் ஒரு முள் குத்தாமல் இல்லை. பெற்றவள் நான் இருக்க, அத்தையிடமா போய்ச் சொன்னாள்? யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. அம்மாவின் கையில்தான் தீர்ப்பு இருக்கிறது. ஸ்கூலுக்கு அனுப்புவதும் நிறுத்துவதும் அம்மாவும் அப்பாவும்தானே? தீர்ப்புச் சொல்பவரிடம் பேசப் பிள்ளைக்குப் பயம். அத்தையிடம் தீர்ப்பு இல்லை, காது மட்டும் இருக்கிறது. ஆகவே அங்கே பேச்சு வந்தது.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் என் வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்காரரும் மாறி மாறி அந்த பஸ்ஸில் வந்தார்கள். கண்டக்டரிடமும் சொல்லி வைத்தார்கள். அந்த ஆள் அதன்பிறகு வரவேயில்லை. என் பெண் ஒரு நாள்கூட ஸ்கூலை விடவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கெட்ட எண்ணத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்வதே 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி குற்றம். இதை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தன் மேல் தப்பில்லை என்று பெண்ணுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு தீவில் பார்த்த உண்மை

என் நாத்தனார் செய்ததை உலகத்தின் இன்னொரு மூலையில் ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற மனோதத்துவ அம்மையாரும் அவரோடு வேலை செய்தவர்களும், அந்தக் குழந்தைகள் நாற்பது வயதாகும் வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் நிறையப் பேர். வறுமை, அப்பாவின் குடி, ஓயாத சண்டை, தாயின் மனநோய் என்று பல கஷ்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில், மூன்றில் ஒரு பங்குப் பேர் எந்தக் கோணலும் இல்லாமல் நல்லபடியாக ஆளாகியிருந்தார்கள்.

எப்படி? பல காரணங்கள் சொல்கிறார்கள். அதில் ஒன்று, அவர்களை நேசித்த ஒரு பெரியவராவது கூட இருந்தார் என்பது. பெற்றவர்களால் முடியாதபோது பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு டீச்சரோ! கடல் கடந்தாலும் பிள்ளை மனசு ஒன்றுதான் போலிருக்கிறது.

மெக்கானிக் கடை வாசல்

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அம்மாவும் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர்கள் பையன் பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் பெயிலாகிவிட்டான். "போதும் நீ படிச்சது. கான்ட்ராக்ட்ல வேலைக்கு வா" என்றார் அப்பா. பையன் எதிர்த்தும் பேசவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. சாப்பாடு பாதியானது. சிநேகிதர்கள் கூப்பிட்டாலும் வெளியே போவதில்லை.

அவனுக்கு பைக் என்றால் பைத்தியம். எங்கள் தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. அவரும் ஒரு காலத்தில் பத்தாவதில் கோட்டை விட்டு, பிறகு எழுதிப் பாஸானவர். பையனின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஒரு சாயந்திரம் அவனைக் கூப்பிட்டுப் போய் அங்கே விட்டார். "சும்மா உக்காந்து பாரு தம்பி. புடிச்சா ஸ்பேனர் எடுத்துக் குடு" என்றாராம் மெக்கானிக். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு வாரம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன், எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டே, "அண்ணா, நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறான்.

அந்த மனிதர் செய்ததை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 'அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயை அடைக்கவில்லை. சிரித்து மழுப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேட்டாராம். பையன் அழுதுவிட்டான். ஒரு மணி நேரம் பேசினார்களாம். கடைசியில், "இதை மட்டும் நான் ரகசியமா வெச்சுக்க மாட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லப் போறேன். நீயும் கூட வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. யாரோ ஒருவர் கேட்டார் என்பதே அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் என்கிறார்கள் மனநல டாக்டர்கள்.

அடுத்த நாளே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவனிடமும் பேசினார்கள், அப்பாவிடமும் தனியாகப் பேசினார்கள். நம் மாநிலத்தில் பெயிலானவர்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. எழுதினான். ஏதோ தட்டுத் தடுமாறிப் பாஸானான். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேர வழியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து வந்ததும் மெக்கானிக்தான். இப்போது படிக்கிறான். வாய் பேசாத நாட்கள் இன்னமும் உண்டு. அப்பாவுக்கும் அவனுக்கும் சில நாள் முட்டிக்கொள்கிறது. ஆனால் சாயந்திரமானால் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

'இன்னொரு பெரியவர்' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு யாரிடமும் பிள்ளையை ஒப்படைத்துவிடாதீர்கள். நான் கடைப்பிடிப்பது இதுதான். பல வருஷம் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பேச்சு நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், கடை வாசலிலோ வீட்டுத் திண்ணையிலோ நடக்க வேண்டும். "நாம பாத்ததை வீட்ல சொல்லாதே" என்று சொல்பவர், பரிசும் பணமும் கொடுப்பவர், பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பேசுபவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு அவரைப் பிடிக்கவும் வேண்டும். நமக்குப் பிடித்தவரை வலுக்கட்டாயமாகத் திணித்தால் நடக்காது.

நல்லவர் கிடைத்துவிட்டால் நம் பங்குக்கு ஒன்றே ஒன்று, துருவாமல் இருப்பது! "என்ன சொன்னான்? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று அவரை ஒற்றனாக்கினால், ஒரே வாரத்தில் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று அவரிடமும், பிள்ளைக்குத் தெரியவே, பேசி வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வராத பேச்சு, கூடச் சேர்ந்து பட்டாணி உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வரும். முகம் பார்க்காமல் பேசுவது அந்த வயதுக்குச் சுலபம். அவர்கள் ஆரம்பித்தால் குறுக்கே புத்திமதி சொல்லாதீர்கள். "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தை போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். பொதுத் தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நம் அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது. வீட்டுக்குள் மட்டும் ரேங்க் லிஸ்ட் எதற்கு?

இதற்கு மேலும் போனால்...

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சோர்ந்தே இருந்தால், சாப்பாடும் தூக்கமும் தலைகீழானால், பிடித்த விளையாட்டும் வெறுத்துப் போனால், கையைக் கீறிக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால், அத்தையும் அண்ணனும் போதாது. டாக்டரிடம் போக வேண்டும். மனநோய்களில் பாதி பதினெட்டு வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிப் போவதில் என்ன வெட்கம்?

டெலி மானஸ் என்ற அரசாங்கத்தின் மனநலச் சேவை 2022 முதல் நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. பரீட்சை, படிப்புக் கவலைக்கு நம் பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. குழந்தைக்கு யாராலாவது தொல்லை என்றால் 1098. தற்கொலையைத் தடுப்பதற்கென்றே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பும் இருக்கிறது. இந்த எண்களைக் காலண்டர் ஓரத்தில் பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். நம்மிடம் சொல்ல முடியாவிட்டாலும் அங்கே சொல்லட்டும்.

சகோதரிகளே, நம் பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் தேடும்போது, இன்னொருத்தியின் பிள்ளைக்கு நாமும் அப்படி இருக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் தெருவிலும் அப்பா ஷிப்டுக்குப் போய், அம்மா இன்னும் வேலை விட்டு வராத ஒரு வீடு இருக்கும். ஸ்கூல் பையோடு படியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால், அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "வாப்பா, காப்பி சாப்பிடறியா?" என்று கேளுங்கள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவனாகப் பேசுகிற அன்று காது கொடுங்கள்.